முப்பத்திரண்டில் ஒருவர்

1918 செப்டம்பர் 26. பிரான்சின் ஆர்கோன் பகுதியில், ஷெப்பி என்ற சிற்றூருக்கு அருகே, ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் ஓர் அமெரிக்க டாங்கிப் படை அதிகாரி மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடந்தார். அச்சத்தில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தலையை உயர்த்தியபோது எதிரியின் அணிகளுக்கு மேலே மிதந்த மேகங்களில் தம் முன்னோர்களின் முகங்களைக் கண்டதாகவும், அவர்கள் தம்மையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அந்தக் கணமே நடுக்கம் நின்றுபோனதாகவும் அவர் பிற்பாடு எழுதிவைத்தார். எழுந்து முன்னேறினார். தொடையில் குண்டு பாய்ந்தது, உயிர் தப்பியது. இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற தளபதி ஜார்ஜ் பேட்டன்தான் அவர். அவருடைய குடும்பம் போற்றி வந்த போர்வீரர்களின் வரிசையில் மிகப் பழையவர்களுள் ஒருவர் ஹியூ மெர்சர்: ஸ்காட்லாந்திலிருந்து உயிருக்குப் பயந்து கப்பலேறி, அமெரிக்காவில் மருத்துவராக வாழ்ந்து, படைத்தளபதியாக மடிந்தவர். மேகத்தில் தெரிந்தது உண்மைக் காட்சியா, மனப்பிரமையா என்ற விசாரணையில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு மூதாதையின் வீரமோ குற்றமோ அவருடைய வழித்தோன்றலுக்கு வந்து சேருமா, சேருமென்றால் எந்த வழியாக என்பதுதான் என் கேள்வி. குருதி வழியாக வரும் என்பார்கள் சிலர். ஆன்மா வழியாக என்பார்கள் வேறு சிலர். பேட்டன் இரண்டையும் நம்பினார். இரண்டுமே தவறு, சொல் ஒன்றுதான் இதற்கு வழி என்று நான் நினைக்கிறேன். அது மட்டுமே வழி என்பதால்தான், முன்னோரைத் தேடிப் போகிறவர் தலையில் ஒரு பொறுப்பும் ஏறுகிறது.

மெர்சரின் வாழ்க்கையே இதற்கு முதல் சாட்சி. 1726இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், அபர்டீன்ஷயரின் பிட்ஸ்லிகோவில், திருச்சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அபர்டீன் மாரிஷல் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1745இல் சார்லஸ் எட்வர்ட் ஸ்டுவர்ட் என்ற இளவரசர் தம் தந்தையின் பெயரால் பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிக் கிளர்ச்சி செய்தபோது, இருபது வயதை ஒட்டியிருந்த இந்த இளைஞர் உதவி அறுவை மருத்துவராக அந்தப் படையில் சேர்ந்தார். 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் வெளியில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வென்ற அரசரின் படை காயம்பட்டுக் கிடந்தவர்களைக் கொன்றது. அடுத்த மாதங்களில் மலைநாட்டு ஊர்களில் வீடுகளைக் கொளுத்தியது, மாடுகளை ஓட்டிச் சென்றது. மெர்சர் ஒளிந்திருந்து 1747இல் பிலடெல்பியாவுக்குத் தப்பினார். அவருடைய ஊரின் பிரபுவான பிட்ஸ்லிகோவும் அதே கிளர்ச்சியில் சேர்ந்தவர்தான், அறுபத்தேழு வயதில்! அறநெறி பற்றியும் தத்துவம் பற்றியும் கட்டுரைகள் எழுதி நூலாக வெளியிட்ட மனிதர். அவர் எங்கும் ஓடவில்லை. பிச்சைக்காரர் வேடத்தில், குகைகளிலும் குடியானவர் வீடுகளிலும் மறைந்து சொந்த மண்ணிலேயே கிடந்து, 1762இல் இறந்தார். ஒரே ஊர், ஒரே தோல்வி, இரண்டு முடிவுகள். பிறந்த மண்ணும் மேற்கொண்ட கொள்கையும் ஒன்றாக இருந்தும் இருவரை ஒரே பாதையில் நடத்த முடியவில்லை என்றால், ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பிறந்தவரைக் குருதி நடத்துகிறது என்பதை எப்படி ஏற்பது?

பென்சில்வேனியாவின் அன்றைய மேற்கு எல்லையில், இன்று அவர் பெயராலேயே மெர்சர்ஸ்பர்க் என்று வழங்கும் ஊரின் அருகே, மெர்சர் சில ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார். பிரெஞ்சுக்காரரோடும் அவர்களுடைய பழங்குடிக் கூட்டாளிகளோடும் பிரிட்டன் போரிடத் தொடங்கியபோது, எந்த மன்னரின் படையிடமிருந்து தப்பி ஓடி வந்தாரோ அந்த மன்னரின் குடியேற்றத்துக்காகவே துப்பாக்கி ஏந்தினார். 1756 செப்டம்பரில் ஜான் ஆம்ஸ்ட்ராங் தலைமையில் கிட்டானிங் என்ற லெனாப்பிப் பழங்குடி ஊரின் மீது விடியற்காலையில் நடந்த தாக்குதலில் அவர் ஒரு கேப்டன். ஊர் கொளுத்தப்பட்டது. கேப்டன் ஜேக்கப்ஸ் என்று வெள்ளையர்கள் அழைத்த லெனாப்பித் தலைவர் சரணடைய மறுத்தார். தீப்பற்றிய வீட்டிலிருந்து வெளியேற முயன்றபோது கொல்லப்பட்டார். மெர்சர் கையில் காயத்தோடு தம் கூட்டத்தைப் பிரிந்து, பல நாள் காட்டில் அலைந்து, உயிரோடு திரும்பினார். பிலடெல்பியா நகராட்சி இந்த வெற்றிக்காகப் பதக்கம் அடித்துக் கொடுத்தது. கலோடனுக்குப் பின் வீடுகள் எரிந்த நாட்டிலிருந்து வந்த மனிதர், பத்தே ஆண்டில், வேறொருவரின் ஊர் எரிந்த காலையில் எரித்தவர்களின் பக்கம் நின்றார். இந்த இடத்தைத் தாண்டிச் செல்லும் எந்தக் குடும்ப வரலாறும் எனக்கு முழுமையானதாகப் படுவதில்லை. எஞ்சியது அமெரிக்கர்கள் நன்கறிந்த கதை. போருக்குப் பின் வர்ஜீனியாவின் ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் மருந்துக்கடையும் வைத்தியமுமாக வாழ்ந்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் தாயாரும் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார். வாஷிங்டன் வளர்ந்த பண்ணையையே 1774இல் விலைக்கு வாங்கினார். 1776இல் படைத்தலைவராகி, இப்போது அதே பிரிட்டிஷ் முடிக்கு எதிராகப் போரிட்டார். 1777 ஜனவரி 3 அன்று பிரின்ஸ்டனில் குதிரை வீழ்ந்து, சரணடைய மறுத்து, துப்பாக்கி ஈட்டிகளால் பலமுறை குத்தப்பட்டு, ஒன்பது நாள் கழித்து இறந்தார்.

ஆக, ஒரு மனிதருக்குள் மூன்று விசுவாசங்கள்: ஸ்டுவர்ட் குடும்பத்துக்காக ஒரு போர், ஹானோவர் வம்சத்துப் பிரிட்டிஷ் மன்னருக்காக ஒன்று, குடியரசுக்காக ஒன்று. இதில் எந்த மெர்சர் சந்ததிக்கு இறங்கினார்? வழித்தோன்றல்களைப் பாருங்கள். மெர்சரின் மகள் ஆன் மணந்துகொண்ட ராபர்ட் பேட்டனும் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்தான், ஆனால் வணிகர். தளபதியின் குடும்பப் பெயர் அந்த வணிகரிடமிருந்து வந்தது. பெயர் கொடுத்தவரைவிட்டு, பெண்வழியில் இன்னும் ஒரு தலைமுறை மேலே ஏறித்தான் சிப்பாயைப் பிடித்திருக்கிறார்கள். ஆனின் பேரன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் கர்னலாக, கொள்ளுத்தாத்தா உயிர்கொடுத்து உருவாக்கிய ஒன்றியத்தையே எதிர்த்துப் போரிட்டு, 1864இல் வின்செஸ்டரில் காயம்பட்டு இறந்தார். மெர்சரின் இன்னொரு பேரன் ஹியூ வீடன் மெர்சரும் அதே கூட்டமைப்பின் தளபதிதான். அந்தக் கிளையில்தான் ஜானி மெர்சர் பிறந்தார். 'மூன் ரிவர்' பாடலை எழுதிய அவர் கேட்போரை உருக வைத்தாரே ஒழிய யாரையும் சுட்டதில்லை. பேட்டன் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை ராணுவம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறதுதான். ஆனால் தளபதியின் தந்தை கலிபோர்னியாவில் வழக்கறிஞர். அவர் மகனுக்குக் கொடுத்தது ராணுவ அனுபவத்தை அல்ல, ராணுவக் கதைகளை. கதை கேட்டு வளர்ந்த பிள்ளை சிப்பாயாவதை விளக்கக் குருதியைக் கூப்பிட வேண்டியதில்லை. குருதியைக் கூப்பிட்டால் கணக்கும் உதைக்கும். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று ஏறினால் ஓட்டனுக்கும் ஒரு தலைமுறை மேலே நிற்பவர் மெர்சர். அந்தப் படியில் ஒவ்வொருவருக்கும் முப்பத்திரண்டு முன்னோர் இடங்கள் உண்டு, அவற்றில் பதினாறு பெண்களுடையவை. மரபணுவில் ஒருவரின் பங்கு சராசரியாக நூற்றுக்கு மூன்று. மீதி முப்பத்தொருவரும் அஞ்சி நடுங்கியவர்களா, கடன் வாங்கி ஏமாற்றியவர்களா, பிள்ளை பெற்றே மாண்டவர்களா? மேகத்தில் அவர்களுக்கு இடமில்லை. தேர்வு நடந்திருக்கிறது, தேர்ந்தது குருதி இல்லை, வாழ்ந்துகொண்டிருந்தவர்கள்.

அடுத்தது ஆன்மா. பேட்டன் எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்த கிறித்தவர். ஆனால் மறுபிறவியை நம்பினார். பல பிறவிகளில் பல காலத்துப் போர்களில் தாமே சண்டையிட்டதாகச் சொல்லும் கவிதையும் எழுதினார். திருச்சபைக் கோட்பாடு இதை ஏற்காது. அது அவருக்கும் அவர் சபைக்கும் இடையிலான விவகாரம். எனக்கு இதில் உறுத்துவது வேறொரு முரண். இறந்தவர்கள் மறுபடி பிறந்துவிடுகிறார்கள் என்றால், மேகத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார்? பார்த்துக்கொண்டிருந்தது மூதாதைகள்தான் என்றால் அவர்கள் இன்னும் பிறக்கவில்லை. ஆன்மா உடல்விட்டு உடல் மாறிப் போகும் என்றால் அது அதே குடும்பத்தில்தான் வந்து பிறக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? மெர்சரின் ஆன்மா கிட்டானிங்கிலிருந்து துரத்தப்பட்ட ஒரு லெனாப்பித் தாயின் வயிற்றில் பிறந்திருக்கலாமே. மறுபிறவிக் கொள்கையை அதன் எல்லை வரை கொண்டுபோனால் வம்சப் பெருமை கரைந்துவிடும். இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. வினைக்கேற்ப வேறு பிறவி எடுத்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டே, தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லித் திதி கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. சாத்திரம் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறது: வசு, ருத்திரர், ஆதித்தர் என்னும் தேவதைகள் நாம் கொடுப்பதை வாங்கி, அந்த உயிர் எங்கே எந்தப் பிறவியில் இருந்தாலும் அதற்கேற்ற உணவாகக் கொண்டுசேர்ப்பார்கள். இந்தப் பதிலில் எனக்குப் பிடித்த நுட்பம், அது பெறுவதைப் பற்றிப் பேசவில்லை, கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான். இறந்தவரிடமிருந்து பெருமை நம்மை நோக்கி வரவில்லை; நம்மிடமிருந்து கடமை அவரை நோக்கிப் போகிறது. பேட்டனின் மேகத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தது.

மெர்சர் தளபதி; அவருக்குச் சிலையும் ஓவியமும் ஆவணங்களும் இருக்கின்றன. பெரும்பாலான குடும்பங்கள் தேடுவது சாதாரணச் சிப்பாயை. அங்கே தேர்வு இன்னும் பச்சையாகத் தெரியும். 1745 கிளர்ச்சிக்காகத் தலை வெட்டப்பட்ட லோவட் பிரபுவின் மகன் சைமன் ஃபிரேசர், 1757இல் அதே அரசருக்காக மலைநாட்டுப் படைப்பிரிவு ஒன்றைத் திரட்டினார். கலோடனில் அரசர் பக்கம் நின்ற ஜேம்ஸ் வுல்ஃபின் கீழேயே அவர்கள் 1759இல் கியூபெக்கில் போரிட்டார்கள். 1763இல் பிரிவு கலைக்கப்பட்டபோது கணிசமானோர் கனடாவிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல் ஒருவர் இன்று தேடினால் கிடைப்பது படைப்பதிவேட்டில் ஒரு வரி. மலைநாட்டில் ஊரே ஒரு குலப்பெயர் சூடியிருக்கும். கேலிக் மொழிப் பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே பட்டியலில் பல டொனால்டுகள், பல ஃபிரேசர்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1855இல்தான். அதற்கு முன்னால் திருச்சபைப் பதிவேடு, அதுவும் பல இடங்களில் அரைகுறை. எத்தனையோ ஃபிரேசர்களுக்குள் ஒருவரைத் தொட்டு, இவரே என் முன்னோர் என்று சொல்லும்போது அதில் ஆதாரம் பாதி, ஆசை பாதி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆசைதான் உறவை உண்டாக்குகிறது என்கிறேன்.

இங்கே கடுமையான மறுப்பு ஒன்று எழும். குருதி வழியாக வீரம் வராது என்றால் குற்றமும் வராது. அப்படியானால் கிட்டானிங்குக்கு எந்தப் பேரனும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மூதாதைத் தேடல் வெறும் பொழுதுபோக்கு, இதில் பொறுப்பு எங்கிருந்து வந்தது? போதகர் மகனான மெர்சர் கேட்டு வளர்ந்த வேதாகமத்திலேயே இந்த விவாதம் இருக்கிறது. யாத்திராகமத்தில் கடவுள், தந்தையரின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைப் பிள்ளைகள்வரை விசாரிக்கிறவராகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். எசேக்கியேலின் பதினெட்டாம் அதிகாரமோ அதை மறுத்து, அவரவர் பாவத்துக்கு அவரவரே பொறுப்பு, மகன்மேல் தகப்பனின் பாவம் ஏறாது என்று அடித்துச் சொல்கிறது. குற்றத்தைப் பொறுத்தவரை எசேக்கியேலின் பக்கம்தான் நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தீர்க்கதரிசி புண்ணியத்தையும் அதே தராசில்தான் வைக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம்: நல்லவனின் நேர்மை அவனோடு நிற்கும், கெட்ட மகனுக்குக் கைகொடுக்காது. அதை முழுவதுமாக ஏற்பவர், ஆன் வழியாக ஏறிப்போய் பிரின்ஸ்டன் வீரரை வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது. அழைத்து வந்தால், குடும்பச் சொத்தை ஏற்கிறவரின் நிலை வந்துவிடும். தகப்பன் பட்ட கடனைத் தன் உழைப்பிலிருந்து அடைக்க வேண்டும் என்று மகனை யாரும் நெருக்க முடியாது. ஆனால் விட்டுச்சென்ற வீட்டை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டின் மேல் இருக்கும் கடன் எனக்குத் தெரியாது என்று சொல்ல எந்த நீதிமன்றமும் விடாது. பொறுப்பு பிறப்பில் தொடங்கவில்லை, உரிமை கோரும் வாயில் தொடங்குகிறது. உரிமை கோராமல் இருக்கும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு.

அந்தக் காலத்தை இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் பக்கமும் உண்மை இருக்கிறது. கிட்டானிங்கிலிருந்து கிளம்பிய படைகள் எல்லைப்புறக் குடியேறிகளைக் கொன்றன, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்தன; அன்று மீட்கப்பட்ட சிறைக்கைதிகளும் உண்டு. மெர்சர் வைத்தியம் பார்த்த குடும்பங்களே அந்த அச்சத்தில்தான் வாழ்ந்தன. ஆனால் லெனாப்பியர் மேற்கே தள்ளப்பட்டதற்குக் காரணங்களுள் ஒன்று, 1737இல் பென்சில்வேனியாவின் உரிமையாளர்களான பென் குடும்பத்தினர் நடத்திய நில மோசடி. ஒன்றரை நாளில் ஒருவர் நடந்து கடக்கும் தூரம் என்று ஒப்பந்தம் பேசி, வெட்டிச் சீர்செய்த பாதையில் ஓட்டக்காரர்களை விட்டு, லெனாப்பியர் நினைத்ததைவிடப் பன்மடங்கு நிலத்தை வளைத்தார்கள். இதெல்லாம் பிற்காலத்தார் கண்டுபிடித்துச் சொன்ன நியாயமில்லை. 1756 ஏப்ரலில் பென்சில்வேனிய ஆளுநர் லெனாப்பியர்மீது போர் அறிவித்து, ஆணின் தலைத்தோலுக்கு 130 வெள்ளி டாலர், பெண்ணின் தலைத்தோலுக்கு 50 என்று விலை வைத்தபோது, போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்கள் அன்றைக்கே எதிர்த்தார்கள். அவர்களில் சிலர் சட்டமன்றப் பதவியையே துறந்தார்கள். அந்தக் காலத்தின் கண்ணுக்கும் அது தெரிந்திருந்தது. மெர்சரை இன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. ஏற்றினாலும் தீர்ப்பு சொல்லும் தகுதி நமக்கில்லை. பதக்கத்தைக் காட்டும்போது அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம். சொல் வழியாக வருகிற ஒன்றைப் பாதி சொல்லை மறைத்து வாங்கிக்கொள்வது களவு.

அப்படியென்றால் முன்னோரை ஏன் தேட வேண்டும் என்று கடைசியாக ஒரு கேள்வி எஞ்சும். பெருமையும் இல்லை, அடையாளமும் இல்லை, கடன் மட்டும் என்றால் யாருக்கு வேண்டும்? எனக்குத் தெரிந்து இதில் ஒரு லாபம் இருக்கிறது. நேர்மையாகத் தேடுகிறவர், தேடத் தொடங்கியபோது மனத்தில் வைத்திருந்த மனிதரை இழப்பார். அவருக்குப் பதிலாக, தப்பி ஓடிய, ஊரை எரித்தவர்களோடு நின்ற, நோயாளிகளுக்கு மருந்து அரைத்துக் கொடுத்த, சரணடைய மறுத்துச் செத்த வேறொருவர் வந்து நிற்பார். நமக்குப் பயன்படாத அந்த மனிதரை அப்படியே ஏற்பதுதான் மேகத்துக்குப் போகிற நன்றி. இது எளிதல்ல. நாம் முன்னோர்மீது நம் முகத்தை வரைந்துகொள்ளப் பழகியவர்கள், அதில் சிறந்த ஓவியர்களும் விலக்கில்லை. ஜான் ட்ரம்புல் தீட்டிய பிரின்ஸ்டன் போர் ஓவியத்தில் விழுந்தும் விழாமலும் வாளோடு போரிடும் மெர்சரைப் பார்த்தே அமெரிக்கர்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். தளபதி இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1791இல், அந்த உருவத்துக்காக ட்ரம்புல் எதிரே உட்காரவைத்து வரைந்தது மெர்சருடைய கடைசி மகன் ஹியூவை. தந்தை இறந்தபோது அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது நிரம்பவில்லை.